இருபத்து நான்கு நாற்காலிகளும் ஓர் எலுமிச்சம்பழமும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதையாவது புதிதாக வாங்கலாம் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், எனக்குக் கால் தரையில் நிற்காது. வாங்கப்போவது குக்கராக இருந்தாலும் சரி, குப்பைக்கூடையாக இருந்தாலும் சரி. வீட்டில் எல்லோரும் இதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். பொறுத்துக்கொள்ளும் விதம்தான் கொஞ்சம் மானக்கேடாக இருக்கும். அதற்குக் காரணம், வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நான் நடத்திய ஒரு நாற்காலித் திருவிழா.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. சொந்த ஊர் சிங்காரப்பேட்டை. பயிற்சி முடித்து, பரீட்சை எழுதி, வருடக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் நடுவே ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்தது. மொத்தமே இரண்டு ஆசிரியர்கள். தலைமை ஆசிரியை எஸ்தர் டீச்சர், அப்புறம் நான். பள்ளிக் கட்டடம் ஒழுகியதால் இடித்துவிட்டார்கள். புதுக் கட்டடம் வரும்வரை பக்கத்தில் மூடிக் கிடந்த மாங்கூழ் கம்பெனியின் ஷெட்டில் வகுப்பு நடத்திக்கொள்ளச் சொல்லி அதன் முதலாளி சாவியைக் கொடுத்திருந்தார். பெரிய ஷெட், நல்ல காற்று, வழவழவென்று சிமெண்டுத் தரை. சுவரில் பழைய மாம்பழ வாசனை ஊறிப்போயிருந்ததால் பிள்ளைகளுக்குப் பதினொரு மணிக்கே பசி எடுத்துவிடும். அது ஒன்றுதான் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உண்மையான கவலை வேறு. அந்த ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்புக்குப் புதுப் பிள்ளைகள் சேராவிட்டால் இரண்டாவது ஆசிரியர் பணியிடம் போய்விடும். இரண்டாவது ஆசிரியர் என்றால் நான்தான். எங்கே தூக்கிப் போடுவார்களோ தெரியாது. பள்ளிக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்கள் நிறைய இருந்தார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் குட்டிப் பிள்ளைகள் ஒன்பது பேர் அங்கே இருப்பதாக எஸ்தர் டீச்சர் விசாரித்து வைத்திருந்தார். ஆனால் அந்த வாசலுக்கே ஒரு தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் வந்து நின்று ஆரன் அடித்துக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் ஓசூரில் ஒரு தொழிற்சாலை, எங்கள் வகுப்பறைக்கு மேசை நாற்காலி வாங்கித் தருவதாகச் சொன்னது. அங்கிருந்து வந்த அதிகாரி மஞ்சுநாத் சார். கன்னடக்காரர், சாந்தமான மனிதர். கேட்லாக்கை என் போனுக்கு அனுப்பி, வேண்டியதை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றார். (எனக்கு! என்னிடம் போய்!)

நான் மூன்று நாள் மனுஷியாகவே இல்லை. சாப்பிடும்போது ஒரு கையில் சோறு, ஒரு கையில் கேட்லாக். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்க்கக் கூடாது, வட்டமாகக் கூடி முகம் பார்த்துப் பேசிப் படிக்க வேண்டும், நாற்காலி அதற்கு ஏற்ப நகர வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன். இன்றைக்கும் அதை நம்புகிறேன். நகர்வதற்குச் சக்கரம் எதற்கு என்ற கேள்விதான் எனக்கு வரவில்லை.

இருபத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது அந்த நாற்காலி. ஆரஞ்சு நிறம். முன்னால் எழுதுவதற்கு ஒரு பலகை, கீழே நாலு சக்கரம், சக்கரத்துக்கு பிரேக். பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆரஞ்சு நிறம் பெரிய சைஸில் மட்டும்தான் உண்டு, சின்னப் பிள்ளைகள் சைஸ் சாம்பல் நிறத்தில்தான் வரும் என்று கீழே போட்டிருந்தது. சாம்பல் நிறத்தில் உட்கார்ந்தால் யாருக்குப் படிப்பு ஏறும்?

எஸ்தர் டீச்சர் கண்ணாடியைக் கழற்றி, போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“புள்ளைங்களுக்குக் கால் எட்டுமாம்மா?”

நான் அரை மணி நேரம் பதில் சொன்னேன். நிறம் மனதுக்குச் செய்யும் நன்மை, அசைவுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு என்று எல்லாம் சொன்னேன். கால் எட்டுமா என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அலங்காரமும் என் பொறுப்புதான். சுவரில் ஒரு சாண் இடம் விடவில்லை. உயிரெழுத்து, வாய்ப்பாடு, பறவைகள், நல்ல பழக்கங்கள், எனக்கே அடையாளம் தெரியாத ஒரு டைனோசர். மேலே தெர்மாகோலில் சூரியக் குடும்பத்தைத் தொங்கவிட்டேன். சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்க்காமல் வியாழன் கிரகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை என் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஷெட்டில் பென்சில் கீழே விழுந்தால் வடகிழக்கு மூலைக்குப் போய்விடும். ரப்பர், கோலிக்குண்டு, டிபன் பாக்ஸ் மூடி எல்லாமே அங்கேதான் கிடைக்கும். ஒரு மனிதப் பிறவி என்றால் ஏன் என்று யோசித்திருக்கும். நான் பிள்ளைகளின் கவனக்குறைவைக் கண்டித்து ஒரு சின்ன உரை ஆற்றினேன். பிறகு அந்த மூலையில் அட்டைப்பெட்டி வைத்து, பூ வரைந்து, ‘தொலைந்த பொருள்கள்’ என்று எழுதி ஒட்டினேன்.

சனிக்கிழமை மாலை நாற்காலிகள் வந்து இறங்கின. பொருத்திக் கொடுத்த ஆள், பிரேக்கைப் போட்டு வைத்திருக்கிறேன், எடுக்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். சக்கரம் வைத்த நாற்காலிக்கு பிரேக்கை எடுக்காதே என்றால் எப்படி? திங்கட்கிழமை எல்லோர் முன்னிலையிலும் எடுப்பது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஒத்திகை பார்க்கவில்லை. பார்த்தால் ஆச்சரியம் போய்விடும் அல்லவா?

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஷெட் நிறைந்துவிட்டது. ஒன்பது குட்டிகளும் வந்திருந்தார்கள். அவர்களுடைய அப்பா அம்மாக்கள் ஷிப்டில் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு, யூனிபாரத்தோடு வந்திருந்தார்கள். பழைய பிள்ளைகளின் வீட்டாரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பெரியவர்களுக்கு எஸ்தர் டீச்சர் வாடகைக்கு எடுத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை நான் திருப்பி அனுப்பிவிட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் ஒரு பெரியவர் நிற்க வேண்டும், அதுதான் என் திட்டம். இருபத்து மூன்று நாற்காலிகளில் பிள்ளைகள். இருபத்து நாலாவதில், குழந்தையின் அனுபவத்தைப் பெறுவதற்காக, மஞ்சுநாத் சார். கழுத்தில் மாலை, கையில் வரவேற்புக்குக் கொடுத்த எலுமிச்சம்பழம், தலைக்கு மேலே வியாழன்.

நான் மைக்கைப் பிடித்தேன். இனி இந்தப் பிள்ளைகளை யாரும் ஓரிடத்தில் கட்டிப்போட முடியாது என்று சொன்னேன். (இவ்வளவு சரியாக நான் வாழ்க்கையில் எதையும் சொன்னதில்லை.) பெரியவர்கள் எல்லோரும் கால் கட்டைவிரலால் பிரேக்கைத் தூக்கிவிட்டு, கையை எடுத்துவிட்டு, இரண்டு அடி பின்னால் போகுமாறு கேட்டுக்கொண்டேன். பிள்ளைகள் தாங்களாகவே நான்கு நான்கு பேராகக் குழு அமைப்பார்கள் என்றேன்.

“ஒன்று, இரண்டு, மூன்று!”

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு முன்வரிசையில் ஒரு நாற்காலி மெதுவாகக் கிளம்பியது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு மொத்த வகுப்பறையும் கிளம்பியது. ஊன்றி நிறுத்துவதற்கு ஒரு பிள்ளைக்கும் கால் தரையில் எட்டவில்லை. இருபத்து மூன்று ஆரஞ்சு நாற்காலிகள், கைகட்டி உட்கார்ந்த பிள்ளைகளோடு, என்னைக் கடந்து, உயிரெழுத்தைக் கடந்து, டைனோசரைக் கடந்து ஒரே திசையில் போயின. தாய்மார்கள் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். மஞ்சுநாத் சாருக்குக் கால் எட்டும். அவர் பிள்ளைகளைப் பிடிக்கலாம் என்று எழுந்தார், வியாழனில் முட்டிக்கொண்டார், தடுமாறித் திரும்ப உட்கார்ந்தார். அவருடைய நாற்காலி அதற்குள் புறப்பட்டுப் போயிருந்தது.

ஒரு நாற்காலி பாக்கியில்லாமல் எல்லாம் ‘தொலைந்த பொருள்கள்’ மூலையில் போய்ச் சேர்ந்தன.

மைக் என் கையில் இருந்தது. வேலை போச்சு என்று நினைத்தேன். ஒன்பது பிள்ளைகளும் நாளைக்கு மஞ்சள் வேனில் ஏறிவிடுவார்கள், அதற்கு ஏற்பாடு செய்தவள் நானே என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மஞ்சுநாத் சார் தரையில் உட்கார்ந்தபடியே, மாலையைச் சரிசெய்துகொண்டு, “ஏனூ ஆகலில்லா” என்றார். ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். சாந்தமான மனிதர் என்று முன்பே சொன்னேன்.

அப்போது ஒரு பிள்ளையின் அம்மா முன்னால் வந்தார். ரத்னம்மா என்று பெயர். மூலையில் கிடந்த தன் மகளுக்கு அடிபடவில்லை என்று பார்த்துவிட்டு, சார் கையிலிருந்து விழுந்த எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கி எடுத்து வந்து, ஷெட்டின் நடுவில் எல்லோரும் பார்க்க வைத்தார். பழம் ஒரு நொடி நின்றது. பிறகு நேராக அந்த மூலைக்கு உருண்டுபோய், என் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் இருந்த சாக்கடைத் துளையில் மாட்டிக்கொண்டது.

“நான் இங்கதான் டீச்சர் ஆறு சீசன் வேல செஞ்சேன்” என்றார். “மாங்கா கழுவுன தண்ணி, சிந்துன கூழு, எல்லாம் ஓஸ் புடிச்சி அடிச்சா அந்த மூலைக்கிதான் போவும். அதுக்குன்னே சரிவா வாட்டம் வச்சிப் போட்ட தரை. ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேனே.”

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. எஸ்தர் டீச்சராகத்தான் இருக்கும் என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. ஷெட்டே சிரித்தது. மூலையில் குவிந்து கிடந்த பிள்ளைகள், இன்னொரு தடவை போகலாமா என்று கேட்டார்கள். அதற்குள் இரண்டு அப்பாக்கள் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு, தொழிற்சாலைப் பழக்கத்தில் அடிப்பாகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு சக்கரத்துக்கு ஒரே போல்ட்டுதான், ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரோடு வருகிறோம் என்றார்கள்.

ரத்னம்மா சேர்க்கைப் படிவத்தைக் கேட்டு வாங்கினார். நான் நம்பாமல் பார்த்தேன்.

“சேரு தப்பா வாங்கிட்டீங்க, அது நெசம். ஆனா எங்க புள்ளைங்களுக்காக யாரும் இப்பிடிக் குதிச்சி நான் பாத்ததில்ல” என்றார்.

அதற்குமேல் என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அன்றைக்கே ஒன்பது பேரும் சேர்ந்தார்கள். வேலை தப்பியது.

ஞாயிற்றுக்கிழமை சக்கரங்களைக் கழற்றினார்கள். கழற்றியதும் நாற்காலி நான்கு விரற்கடை இறங்கியது. உயரம் இன்னும் போதாத குட்டிகளுக்குக் கால் வைக்கக் கீழே பலகை அடித்தார்கள். எஸ்தர் டீச்சர் குனிந்து ஒரு பிள்ளையின் பாதத்துக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார். இடைவெளி இல்லை. “இப்ப எட்டுதும்மா” என்றார். அந்த வாரமே பிள்ளைகள் நெளியாமல் எழுதினார்கள். சுவரில் பாதியைக் கிழித்துவிட்டு, அவர்கள் வரைந்ததை அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒட்டினேன். டைனோசரையும் எடுத்துவிட்டேன். கழற்றிய தொண்ணூற்றாறு சக்கரங்கள் ஊருக்குள் போயின. லைன் வீடுகளில் தண்ணீர் டிரம், கிரைண்டர், கேஸ் சிலிண்டர் எல்லாம் இன்றைக்கும் அவற்றின்மேல்தான் நகர்கின்றன. அங்கே தரை மட்டமாக இருக்கிறது.

நான் கல்யாணமாகி ஓசூருக்கு வருவதற்கு முன்னாலேயே கதை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. என் கணவர் என்னைப் பெண் பார்க்க வரும்போதே முழுவதும் தெரிந்துதான் வந்தார். போன வருடம் நாங்கள் ஒரு வீடு பார்க்கப் போனோம். பால்கனியைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் இல்லை. இந்த ஓரத்தில் ஊஞ்சல், அந்தச் சுவரில் புத்தக அலமாரி என்று கத்திக்கொண்டிருந்தேன். கணவர் சட்டைப் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கூடத்தின் நடுவில் வைத்தார். ஏதோ பூஜை என்று நினைத்து, வீட்டைக் காட்ட வந்த புரோக்கர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார். பழம் உருண்டு சமையலறைக்குப் போய்விட்டது. அந்த வீட்டை நாங்கள் வாங்கவில்லை.

அதிலிருந்து நான் எதற்காவது குதிக்க ஆரம்பித்தால் வீட்டில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து முன்னால் வைப்பதோடு சரி. இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் எனக்குத் தாங்கவில்லை. இதைப் பெரிதாக்கி ஒரு புத்தகமாகவே போட்டுவிடலாம், அட்டை ஆரஞ்சு நிறத்தில் இருக்கட்டும் என்று கணவரிடம் ஓடினேன். அவர் முழுவதும் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார்.