இருபதாம் நாள் எலி

பின்வாசலில் செத்த எலியைப் பார்த்ததும் ஜெஸ்னா முதலில் அதன்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்தாள். அடுத்து அந்தக் கூடைமேல் ஏறி உட்கார்ந்தாள். மூன்றாவதாகக் கர்த்தரைக் கூப்பிட்டாள். கர்த்தருக்கு முன்னால் அம்மிணி வந்து சேர்ந்தாள்.

அம்மிணி அந்த அண்டி ஆபீஸில் பதினெட்டு வருஷமாக அண்டி உடைக்கிறவள். முந்திரித் தொழிற்சாலையை குன்னத்துகால் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். ஆபீஸ் என்று பெயரே தவிர, அங்கே இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அது மேனேஜர் பொன்னப்பன் சாருக்கு. மற்ற நாற்பது பெண்களும் தரையில் உட்கார்ந்துதான் வேலை பார்த்தார்கள்.

"என்ன மக்கா, காலங்காத்தால அடை காக்குதியா?" என்றாள் அம்மிணி.

ஜெஸ்னா கூடையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். அம்மிணி குனிந்து பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

பொத்தாமல் என்ன செய்வாள்? அது தொண்ணூற்று நாலாம் வருஷம் அக்டோபர் மாதம். சூரத்தில் பிளேக் என்று பேப்பரில் வந்த நாள்முதல் ஊரே கதிகலங்கிக் கிடந்தது. பாறசாலை ஸ்டேஷனில் வடக்கத்தி ரயிலிலிருந்து இறங்கிய ஒருத்தர் தும்மினால் போதும், பிளாட்பாரம் காலி. எலி என்ற சொல்லைக்கூட ஜனங்கள் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்கள்.

ஜெஸ்னா திருவனந்தபுரத்தில் சமூகப்பணி முதுகலை, கடைசி வருஷம். இருபது நாள் தொழிலாளர் நலப் பயிற்சிக்கு அவள் பம்பாய் மில் ஒன்றுக்குப் போயிருக்க வேண்டும். பெட்டியெல்லாம் கட்டியாயிற்று. அதற்குள் பல்கலைக்கழகம் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. மாணவர்கள் யாரும் வெளியூர் போகவேண்டாம், வீட்டுப் பக்கத்திலேயே ஒரு தொழிற்சாலையில் பயிற்சியை முடித்துக்கொள்ளுங்கள் என்று. கூடவே பத்துப் பாதுகாப்பு விதிகள். மூக்கில் துணி கட்டணும், காய்ச்சல் என்றால் சொல்லணும், இப்படி. ஏழாவது விதிதான் வில்லங்கம். பயிற்சி இடத்தில் செத்த எலி கிடந்தால் மாணவர் அன்றைக்கே வெளியேறணும். அடுத்த வருஷம் முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கணும். கடைசி நாளில் ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, இடம் சுத்தம் என்று கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ்.

அன்றைக்குத்தான் கடைசி நாள். இன்ஸ்பெக்டர் மூன்று மணிக்கு வருகிறார்.

சான்றிதழ் வந்தால் நவம்பர் ஒண்ணாம் தேதி பூவாரில் மீனவப் பெண்கள் சங்கத்தில் அவளுக்கு வேலை. வராவிட்டால் அந்த வேலை வேறு யாருக்கோ. சங்கத்துப் பெண்கள் இரண்டு முறை ஆள் அனுப்பி, எப்போது வருகிறாய் என்று கேட்டுவிட்டார்கள். அந்த வேலையை நினைத்துத்தான் இந்த இருபது நாளும் முந்திரி வறுக்கிற புகையில் கண்ணெரிய உட்கார்ந்திருந்தாள். இப்போது ஒரு எலி, அதுவும் செத்துப்போன எலி, வந்து குறுக்கே படுத்துக்கொண்டது.

"சாரிட்ட சொல்லிரலாமா அக்கா?" என்றாள் ஜெஸ்னா.

பொன்னப்பன் சாரிடம் சொல்வதும் ஊர் முழுக்கத் தமுக்கடிப்பதும் ஒன்றுதான். போன வாரம் ஒரு பெண் மிளகாய் நெடியில் தும்மியதற்கே அவர் நாற்பது பேருக்கும் அரை நாள் லீவு கொடுத்தவர். புதைக்கலாம் என்றால் முற்றம் முழுக்க முந்திரி காயப்போடும் சிமெண்டுத் தளம். வறுக்கிற அடுப்பில் போடலாம் என்றால் அந்த அடுப்புப் பருப்பு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போவது. அதற்கு அம்மிணியின் மனசாட்சியே ஒப்பவில்லை.

அம்மிணி ஆபீஸின் பின்பக்கம் பார்த்தாள். அங்கே ஒரு சின்ன ஓடை. ஓடைக்கு இந்தக் கரை கேரளம், அந்தக் கரை தமிழ்நாடு. அந்தக் கரையில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு மாவு அரைக்கிற ஒரு மில் இருந்தது.

"அக்கரைக்குப் போச்சுதுன்னா அது அவங்க கவர்மெண்டுக்க எலி. நமக்கு ஒரு சம்பந்தமும் இல்லெ" என்றாள்.

தென்னை மட்டையால் எலியை எடுத்து, அம்மிணியே பொட்டலம் கட்டினாள். இங்கேதான் காரியம் கெட்டது. இருபது வருஷமாகப் புருஷனுக்குப் பொதிச்சோறு கட்டிய கை அது. வேறு மாதிரி கட்டத் தெரியாது. வாட்டிய வாழையிலையில் வைத்து, நாலு பக்கமும் மடித்து, மேலே மலையாளப் பேப்பர் சுற்றி, வாழைநாரால் அழகாக முடிச்சுப் போட்டாள். ஓடையைத் தாண்டி வீசியும் விட்டாள். இரண்டு பேரும் டெட்டால் போட்டுக் கை கழுவினார்கள். ஜெஸ்னாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வந்த உயிர் பதினொன்றரை மணி வரைதான் இருந்தது. மாவு மில் வாட்ச்மேன் தாணு பாலத்தைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தார். கையில் அதே பொட்டலம். பேப்பர் போடுகிறவன் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த பெயர் பளிச்சென்று தெரிந்தது: பொன்னப்பன், அண்டி ஆபீஸ். மேனேஜர் மேசையிலிருந்த பேப்பரைத்தான் அம்மிணி எடுத்திருந்தாள்.

தாணு நாணயமான மனிதர். அடுத்தவன் சோறு தமக்கு வேண்டாம் என்று பொட்டலத்தைப் பிரிக்காமலே மேசைமேல் வைத்தார். யாரோ எடுத்து விளையாடியிருக்கிறார்கள், இனிமேல் ஓடைப் பக்கம் எறிகிறவனைப் பிடிக்க நானே அங்கே நிற்கிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜெஸ்னா அம்மிணியைப் பார்த்தாள். பொன்னப்பன் சாரோ பொட்டலத்தைப் பார்த்துக் கண் கலங்கி நின்றார். அவருக்கும் மனைவி லீலாபாய்க்கும் மூன்று நாளாகப் பேச்சு இல்லை. மூன்று நாளாகச் சோறும் இல்லை; டீயும் பன்னும்தான்.

"பாத்தியா மோளே" என்றார். "அவளுக்கு மனசு இளகிப்போச்சு. நேரிட்டுத் தர நாணம் அவளுக்கு, யாருக்க கையிலயோ கொடுத்து விட்டிருக்கா."

இந்த மனிதரிடம் அது எலி என்று எப்படிச் சொல்வது? சொன்னால் ஏழாவது விதி ஒரு பக்கம். லீலாபாய் தமக்கு எலி கட்டி அனுப்பினாள் என்று அவர் நினைத்துக்கொண்டால் அது இன்னொரு பக்கம். அவர் கை கழுவப் போன இடைவெளியில் அம்மிணி இன்னொரு இலை, இன்னொரு தாள் எடுத்து, ஜெஸ்னா கொண்டுவந்த சோற்றையும் நெத்திலி அவியலையும் அதே மாதிரி கட்டி வைத்துவிட்டாள். எலிப் பொட்டலம் ஜெஸ்னாவின் தோள்பைக்குள் போயிற்று. நாலு மணிக்கு வீட்டுக்குப் போகும்போது மரச்சீனித் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்துவிடலாம் என்று திட்டம்.

பொன்னப்பன் சார் கடைசி நெத்திலி வரை தின்றார். விரலை நக்கினார். இருபத்தைந்து வருஷத்தில் இப்படியொரு ருசியாக லீலா சமைத்ததே இல்லை என்று எல்லோரிடமும் சொன்னார். சொன்னதோடு நின்றிருக்கலாம். மனசு பொங்கி, வீட்டுக்கு அடுத்த வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டு, லீலாபாயை வரவழைத்து, நெத்திலி அவியலுக்கு நன்றி சொல்லிவிட்டார்.

லீலாபாய் நெத்திலி வாங்கியே ஒரு மாசம் ஆகியிருந்தது.

இரண்டே முக்காலுக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பின்னாலேயே சைக்கிளில் ஹெல்த் இன்ஸ்பெக்டர். அவரை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு லீலாபாய் நேராக உள்ளே போனாள். அவள் சத்தம் போடவில்லை. அதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது.

"உங்களுக்குச் சோறு கெட்டித் தந்தவ யாரு? அதை மட்டும் சொல்லுங்க. நான் எங்க அம்மைக்க வீட்டுக்குப் போறேன்."

பொன்னப்பன் சார் பேயறைந்த மாதிரி விழித்தார். நீதானே என்றார். அது இன்னும் மோசமாயிற்று. லீலாபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே திரும்பினாள். ஆட்டோக்காரன் வண்டியைக்கூட அணைக்கவில்லை.

ஜெஸ்னா தோள்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயை மூடிக்கொண்டால் இன்னும் பத்து நிமிஷத்தில் கையெழுத்து, நவம்பர் ஒண்ணாம் தேதி பூவார். வாயைத் திறந்தால் ஒரு வருஷம் போயிற்று. ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. அவருடைய வயிற்றில் கிடந்தது அவள் அம்மா கட்டிக்கொடுத்த சோறு.

"ஆன்ட்டி, நில்லுங்கோ. அது எனக்க சோறாக்கும்" என்றாள். "சாருக்கு வந்த பொதி இஞ்ச இருக்கு."

பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துத் தரையில் வைத்து, அம்மிணி கொடுத்த மட்டையால் பிரித்தாள். நாற்பது பெண்களும் ஒரே நேரத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். லீலாபாய் புருஷனின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள். காலையிலிருந்து நடந்ததை ஜெஸ்னா ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியில் தன் பயிற்சி டைரியை இன்ஸ்பெக்டரிடம் நீட்டி, ஏழாவது விதிப்படி எழுதிக்கொள்ளுங்கள் சார் என்றாள்.

இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து, ஒரு ஈர்க்குச்சியால் எலியின் வாயைத் திறந்து பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தார்.

எலியின் பல்லில் நீல நிறத்தில் ஒரு அரிசி ஒட்டியிருந்தது. அவர் வைத்த விஷ அரிசி அது. புதன்கிழமை சாயங்காலம் அவரும் தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டரும் சேர்ந்து ஓடையின் இரண்டு கரையிலும் அதைத் தூவிவிட்டுப் போயிருந்தார்கள். முன்னால் சொன்னால் ஜனங்கள் கோழிக்கு ஆகாது என்று பெருக்கித் தள்ளிவிடுவதால் யாரிடமும் சொல்லவில்லை. இது பிளேக்கில் செத்ததல்ல, மருந்தில் செத்தது. பிளேக் எலிதான் ஏழாவது விதிக்குப் பொருந்தும், இது பொருந்தாது என்பது அவர் தீர்ப்பு.

"மோளே, காலைல தொட்டு ஆறு இடம் ஏறி இறங்கியாச்சு, ஒரு எலிகூட கிட்டல்லெ" என்றார். "எலி ஒழிப்பு நடந்ததுன்னு எழுதணும்னா ஒரு எலியாவது காட்டணும். காட்டாத இடத்துக்குச் சர்டிபிக்கட் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லெ."

இடம் சுத்தம், மருந்து வேலை செய்கிறது, சாட்சி ஒரு எலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். ஜெஸ்னா அந்தக் காகிதத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சிரிக்கவும் அழவும் செய்தாள். லீலாபாய் நெத்திலி அவியலுக்குப் பக்குவம் கேட்டாள். பொன்னப்பன் சார் நாற்பது பேருக்கும் அரை நாள் லீவு விட்டார்.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு இளைஞன் மூச்சிரைக்க வந்து நின்றான். மூக்கில் துணி, கையில் ஜெஸ்னாவுடையது போலவே ஒரு பயிற்சி டைரி. பெயர் ராபின்சன் என்றும், மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரி என்றும், எதிர்க்கரை மாவு மில்லில் இருபது நாள் பயிற்சி இன்றைக்கு முடிகிறது என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னான். பிறகு தரையில் கிடந்த எலியை ஆசையோடு பார்த்தான்.

"அக்கா, உங்களுக்குக் கையெழுத்துக் கிட்டியாச்சுன்னா அதை எனக்குத் திருப்பித் தருவியளா? அஞ்சு மணிக்கு எங்க இன்ஸ்பெக்டர் வாறாரு, அவருக்கும் ஒரு எலி காட்டினாத்தான் கையெழுத்தாம். நேத்து சாயங்காலம் அதை எங்க மில்லுல கண்டு பயந்து, உங்க பக்கம் எறிஞ்சது நானாக்கும்."