வெட்டாத பக்கங்கள்

அன்செல்ம் மனைவியை இழந்த மனிதராவது என்று முடிவு செய்துவிட்டார். மனைவியிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து ஓதெத் சீஸ் அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். விருந்தாளிகள் வந்தால், "இவருக்கு நறுக்கிக் கொடுத்தாத்தான் சாப்பிடத் தெரியும்" என்பாள். அவர்கள் சிரிப்பார்கள். அன்செல்மும் கூடச் சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் அவரை உள்ளே அரித்துத் தின்றது.

வழி காட்டியது லிமோஜ் நகரில் வாங்கிய ஒரு மர்ம நாவல். அதில் ஒரு கணவன் மனைவியின் ஆம்லெட்டில் விஷக் காளானைக் கலக்கிறான். புத்தகம் அச்சகத்திலிருந்து வந்த மடிப்போடு இருந்தது; கத்தியால் தாளை வெட்டி வெட்டித்தான் படிக்க வேண்டும். நாவலில் வரும் மனைவி முதல் வாய் விழுங்கும் பக்கம் வரை வெட்டினார். போதும், கதை முடிந்த மாதிரிதானே! புத்தகத்தை மெத்தைக்கு அடியில் செருகினார். வாராவாரம் மெத்தையைப் புரட்டிப் போடுவது யார் என்பது அவர் மூளைக்கு எட்டவில்லை.

இலையுதிர் காலம். ஊரே கூடையோடு கஷ்கொட்டை மரக் காட்டில் காளான் பறித்துக்கொண்டிருந்தது. அன்செல்மும் போனார். நல்ல காளான்களுக்கு நடுவே வெளிறியவை இரண்டைப் பதுக்கிக் கொண்டுவந்தார்.

"ஏங்க, மருந்துக்கடை பெரோ ஐயாகிட்ட காட்டினீங்களா?"

அவர் பார்க்காத காளானை அந்த ஊரில் நாய்க்குக்கூடப் போடமாட்டார்கள்.

"காட்டாம இருப்பேனா? ஒண்ணாந்தரம்னாரு."

"அடேயப்பா, பொறுப்பெல்லாம் வந்துடுச்சே! இருங்க, ரொட்டி வாங்கிட்டு வந்து சமைக்கிறேன்."

மத்தியானம் இரண்டு தட்டு நிறைய ஆம்லெட் வந்தது.

"எனக்கு வயிறு சரியில்ல. நீ சாப்பிடு."

"அப்ப உங்க பங்கும் எனக்குத்தான்."

ஓதெத் ரசித்துச் சாப்பிட்டாள். அன்செல்முக்கு வியர்த்தது. 'வேண்டாம், துப்பிடு' என்று கத்திவிடலாமென்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவள் பேசும்போது குறுக்கிட்டுப் பழக்கமில்லாதவர், சாப்பிடும்போது மட்டும் எப்படிக் குறுக்கிடுவார்?

தட்டை ரொட்டியால் துடைத்துத் தின்றுவிட்டு அவள் காப்பி கொண்டுவந்தாள்.

"குடிங்க. முகம் வெளுத்திருக்கு."

ஒரே மடக்கில் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தபோது அதன் பக்கத்தில் நாவல் இருந்தது. அதன் மேல் தாள் வெட்டும் கத்தி.

"ரொட்டி வாங்கப் போனப்ப கூடையையும் எடுத்துட்டுப் போனேன். 'உன் வீட்டுக்காரர் இந்தப் பக்கமே வரலையேம்மா'ன்னாரு பெரோ ஐயா. அந்த ரெண்டையும் பொறுக்கித் தனியா பொட்டலம் கட்டிக் கொடுத்தாரு."

"தூ... தூக்கிப் போட்டுட்டியா?"

"நீங்க ஆசையா பறிச்சுட்டு வந்ததாச்சே. பத்திரமா இருக்கு."

அன்செல்ம் காலிக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"பயப்படாதீங்க, அது வெறும் காப்பிதான். ஆமா, பாதியிலயே வெட்டுறதை நிறுத்திட்டீங்களே? அந்தப் பொண்டாட்டி பொழைச்சு எழுந்துக்கிறா. அதுக்கப்புறம்தான் கதை சூடு பிடிக்குது."

"அந்தப் புருஷன்... அவன் பொழைக்கிறானா?"

ஓதெத் கத்தியை எடுத்து இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் நிதானமாகத் துடைத்தாள்.

"கடைசிப் பக்கங்களை நானும் வெட்டல. நீங்க நடந்துக்கிறதைப் பார்த்துட்டு வெட்டிக்கலாம்னு இருக்கேன்."

அன்செல்ம் எழுந்து பாத்திரம் கழுவப் போனார்.