செம்புக்கு ஆதார் கேட்டவர்

மதுரையில் எந்த அரசாங்க ஆபீஸிலும் கேட்காத அளவுக்கு ஆதார் கார்டு கேட்ட மனிதர் ஒருவர் உண்டு. ஒத்தக்கடையில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். நிஜப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். எங்களுக்கு அவர் ஆதார் அண்ணே.

தோட்டத்து மோட்டார் ஒயரை வெட்டிச் செம்பை விற்கும் களவு பெருகியபோது, போலீஸ் இரும்புக் கடைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னது: செம்பு கொண்டுவருபவரிடம் ஆதார் வாங்கு, போட்டோ எடு, பணத்தை வங்கியில் போடு, சரக்கை ஒரு வாரம் தொடாதே. மற்றவர்கள் தலையாட்டி, டீ குடித்து, மறந்துபோனார்கள். இவர் மட்டும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

சொந்த மாமியார் ஓட்டைச் செம்புக் குடத்தோடு வந்தபோதும் ஆதார்தான். "அத்தை, இப்பிடித் திரும்பி நில்லுங்க, குடம் தெரியணும்" என்று போட்டோ வேறு. அந்தம்மா அந்த வருஷம் தீபாவளிக்கு மகள் வீட்டுப் பக்கமே வரவில்லை. பழைய ஒயர் கொண்டுவந்த போலீஸ்காரரையே கார்டு எடுத்துவரத் திருப்பி அனுப்பினார். நீங்க சொன்னதுதான சார் என்றாராம், பணிவாக.

என் தங்கச்சி வீட்டுக்காரர் மல்லிகை போட்டிருந்தார். சித்திரை வெயிலில், செடி மொட்டு பிடித்த நேரம் பார்த்து, மோட்டார் ஒயரை எவனோ வெட்டிக்கொண்டு போய்விட்டான். அந்தப் பூவை நம்பித்தான் குடும்பமே ஓடுகிறது. தண்ணீர் பாயாவிட்டால் செடி அம்போதான். நானும் மச்சானும் கடை கடையாக ஏறினோம். எல்லோரும் கையை விரித்தார்கள்.

ஆதார் அண்ணே கடையில் ஒயர் அப்படியே கிடந்தது. இணைப்பில் மச்சான் சுற்றிய பச்சைச் சேலைக் கிழிசல்கூட அவிழவில்லை. பாய்ந்து எடுக்கப் போனவரை மறித்து, ஆதார் இருக்கா என்றார் அண்ணன்.

"என் ஒயர எடுக்க எனக்கே ஆதாரா?" மச்சான் எகிறினார்.

"கோவப்படாதீங்க மாப்ள. களவாண்டவனே குடுத்துட்டுப் போயிருக்கான், உங்களுக்கு என்ன?"

நிஜம்தான். அந்தப் புண்ணியவான் கார்டைக் கொடுத்து, தலை சீவி, ஒயரைத் தோளில் போட்டுப் போட்டோவுக்குச் சிரித்திருந்தான். பணம் போடச் சொல்லி அக்கவுண்ட் நம்பரும் கொடுத்திருந்தான். போலீஸுக்கு அலைச்சலே இல்லை.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ஒயரை வாங்கியதும், அண்ணன் கடையைச் சாத்திவிட்டு எங்களோடு தோட்டத்துக்கே வந்துவிட்டார். மோட்டார் ஓடி, வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் மச்சான் குலுங்கிக் குலுங்கி அழுதார். "அட, விடுங்க மாப்ள. அதான் தண்ணி பாயுதுல்ல" என்று சொல்லிவிட்டு அண்ணனும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்தத் தோட்டத்தில் பறிக்கிற முதல் பூ இன்றைக்கும் அவர் வீட்டுக்குத்தான் போகிறது. கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.