லாக்கரில் இருக்கும் செயின்

"கழுத்துல துண்டைச் சுத்திக்கோ. தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லிரு," என்றாள் தோழி பிரேமாவதி.

"தொண்டை கட்டினவ எப்படிலா மேடையில பேசுவா?"

கண்ணாடி முன்னால் நின்று கேதரின் முந்தானையைக் கழுத்துவரை இழுத்துப் பார்ப்பது இது நான்காவது முறை. இழுத்தால் இடுப்பு தெரிந்தது. இடுப்பை மறைத்தால் கழுத்து தெரிந்தது. கழுத்தில் இருக்க வேண்டிய சங்கிலியோ கூலிமில் ஓர் அடகுக் கடையில் இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை, கெடா மாநிலத்தில் பள்ளிக்கும் பேங்குக்கும் வார விடுமுறை. பிற்பகல் மூன்று மணிக்குப் பாடாங் செராய் மாதா கோயில் மண்டபத்தில், கல்லூரி மாணவர்களுக்கும் புதிதாக வேலைக்குப் போனவர்களுக்கும் கேதரின் பேச வேண்டும். தலைப்பு, 'முதல் சம்பளமும் சிக்கன வாழ்வும்'. தோட்டத்தின் முதல் பட்டதாரி, சுங்கைப்பட்டாணியில் ஆசிரியை, வயது இருபத்து மூன்று. இவளைவிடப் பொருத்தமானவர் யார் என்று இளைஞர் சங்கச் செயலாளர் ஜெரார்ட் கடிதம் எழுதியிருந்தான். அந்தப் பொருத்தமானவரின் கைப்பையில் மாதம் பதினான்காம் தேதி நாலு வெள்ளி இருபது காசு இருந்தது.

"துண்டு வேண்டாம். அம்மாவுக்குத்தான் அடிக்கடி தொண்டை கட்டும். சொல்லாம கொள்ளாம லீவுல வீட்டுக்குப் போனா, கழுத்துல துண்டோடதான் நிக்கும். காட்டுப் பனி. எனக்கு டவுனுல ஏது பனி?"

அம்மாவும் வருகிறாள் என்பதுதான் சிக்கல். ஜோசபின் காலையில் ரப்பர் பால் வெட்டி, நிறுத்துப் போட்டுவிட்டு, தோட்டத்து லாரியில் முப்பது பேரைத் திரட்டிக்கொண்டு வருகிறாள். எழுபத்தெட்டாம் ஆண்டில் கேதரின் பட்டம் வாங்கிய அன்று, தன் கல்யாணச் சங்கிலியைக் கழற்றி மகள் கழுத்தில் போட்டவள் அவள். போடும்போது சொன்ன வார்த்தை இன்னும் கேதரினின் காதில் இருந்தது.

"இருபத்து நாலு வருஷம். உங்கப்பா போனப்பகூட இது என் கழுத்தைவிட்டு ஒரு நாள் இறங்கல. நீயும் இறக்கக் கூடாது."

ஒரு வருடத்தில் இறக்கியாகிவிட்டது. எல்லாம் ஒரு பிரிட்ஜால். முதல் சம்பளம் வந்ததும், அம்மா குளிர்ந்த தண்ணீர் குடிக்க வேண்டும் என்று தவணை முறையில் ஒரு பிரிட்ஜ் வாங்கித் தோட்டத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். அந்த லயத்து வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவள்தான் அவள். ஆனாலும் தோட்டத்தில் மின்சாரம் மாலை ஆறிலிருந்து பத்துவரைதான் என்பது பணம் கட்டிய பிறகே நினைவுக்கு வந்தது. அம்மா அதைக் குறையாகச் சொல்லவில்லை. நல்ல சேலைகளையும் ஞானஸ்நானச் சான்றிதழையும் அதற்குள் வைத்துப் பூட்டினாள். பூச்சி அரிக்காதாம்.

இரண்டு தவணை தவறியதும் கடைக்காரன், லாரி எடுத்துக்கொண்டு நேரே தோட்டத்துக்கே வருவதாகச் சொல்லி அனுப்பினான். பட்டப்பகலில், ஊர் பார்க்க, அம்மாவின் சேலைகளோடு பிரிட்ஜ் லாரி ஏறும் காட்சியைக் கேதரினால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. தெரிந்தவர் கண்ணில் பட வேண்டாம் என்று கூலிம்வரை பஸ் ஏறிப் போய்ச் சங்கிலியை வைத்தாள். அங்கே கம்பிக்குப் பின்னால் இருந்தவர் ஒரு தமிழர். அடையாளக் கார்டைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், எடையைச் சீட்டில் எழுதினார், அதற்குப் பிறகுதான் தராசில் வைத்தார். உரசிக்கூடப் பார்க்கவில்லை. படித்தவர்கள் முகத்தில் ஒரு நாணயம் தெரியத்தான் செய்கிறது என்று கேதரின் அன்றைய வேதனைக்கு நடுவிலும் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

"சரி, என் செயினைப் போட்டுக்கோ. ஆனா ஆறு மணிக்கு மாப்பிள்ளை வீட்டுல இருந்து என்னைப் பார்க்க வர்றாங்க," என்றாள் பிரேமாவதி.

"அஞ்சரைக்குக் கொண்டாந்துருவேன்."

"நான் உன்கூடவே வர்றேன். உன்னை நம்பறேன். பஸ்ஸைத்தான் நம்பல."

பஸ் செலவு இரட்டிப்பானது. சங்கிலியில் இன்னொரு சங்கடம் இருந்தது. அதன் முனையில் ஒரு சின்னத் தங்க வேல் தொங்கியது. அதைப் பின்பக்கம் திருப்பி, கொண்டைக்குக் கீழே ஜாக்கெட்டோடு ஊசி குத்தி வைத்தார்கள். பாடாங் செராய் வரும்வரை கேதரின் பள்ளித் தலைமையாசிரியர் முன் நிற்பவளைப் போல நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் சாஞ்சு உக்காரேன்."

"ஊசி திறந்திருச்சு. சாஞ்சா குத்துது."

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஃபாதர். அவருக்குப் பக்கத்தில் பட்டுச்சேலையில் அம்மா. அந்தச் சேலையில் பிரிட்ஜின் பிளாஸ்டிக் வாசம் வீசும் என்பது கேதரினுக்குத் தெரியும். அம்மாவின் பார்வை நேரே கழுத்துக்கு வந்தது, மஞ்சளாக ஒரு சரம் மின்னுவதைக் கண்டது, நிம்மதியாகத் திரும்பியது. கேதரினுக்கு மூச்சு வந்தது.

அந்த மூச்சு ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. ஜெரார்ட் மாலையோடு வந்தான். ஜாதிப்பூவும் ஜிகினாவுமாகக் கட்டிய பெரிய மாலை. போட்டதும் கழற்றி மேஜையில் வைப்பதுதான் மரியாதை. கழற்றினாள். ஜிகினா சங்கிலியைப் பிடித்துக்கொண்டது. ஜெரார்ட் உதவிக்கு வந்து ஒரு சுண்டு சுண்டினான். ஊசி தெறித்தது. சங்கிலி ஒரு சுற்றுச் சுற்ற, முருகன் வேல் முன்னால் வந்து, மாதா கோயில் மண்டபத்தின் நூற்றைம்பது பேருக்கு நடுவே பளபளத்தது.

ஃபாதர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "வேல் அழகா இருக்கு, கேதரின்."

அம்மா எழுந்து மேடை ஓரத்துக்கே வந்துவிட்டாள்.

"ஏய் பாப்பா, இது என்னா? என் செயின் எங்க?"

"சும்மாதான்மா. பிரேமாவும் நானும் மாத்திப் போட்டுக்கிட்டோம். உன்னோடது அவகிட்ட."

அம்மா திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். பிரேமாவதி வெறுங்கழுத்தோடு விசிறிக்கொண்டிருந்தாள்.

"அவ கழுத்துல ஒண்ணுமில்லயே."

"கழுத்துல இல்லம்மா. பத்திரமா..." கேதரின் தேடினாள். மனத்தில் எந்த மூலையிலும் ஓர் உண்மை கிடைக்கவில்லை. "பேங்க் லாக்கர்ல இருக்கு."

இந்தப் பொய் பரவாயில்லை என்று அவளுக்கே தோன்றியது. வெள்ளிக்கிழமை பேங்க் கிடையாது. யாரும் போய்ப் பார்க்க முடியாது. அடுத்த சம்பளத்துக்குள் எதையாவது செய்துவிடலாம். அம்மா திரும்பி உட்காரப் போனாள். ஆனால் ஒலிபெருக்கி பக்கத்தில் நின்ற ஜெரார்டுக்கும் காது இருந்தது.

"அன்பர்களே! நம்ம டீச்சர், தாயார் கொடுத்த செயினைக்கூடக் கழுத்துல போடாம பேங்க் லாக்கர்ல பாதுகாக்கிறாங்க! சொல்றதை வாழ்ந்து காட்டுறவங்க! இப்ப நம்மகிட்ட பேசுவாங்க!"

கைதட்டல் ஓய நேரமானது. கேதரின் எழுதி வைத்திருந்த தாளைப் பிரித்தாள். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சேமியுங்கள் என்று அதில் இருந்தது. அவள் குரல் உறுதியாகத்தான் ஒலித்தது. தான் சொல்வதைத் தானே முதல் முறையாகக் கேட்பதுபோல, நல்ல யோசனையாக இருக்கிறதே என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஒருத்தி மேடையில் பேசிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி உள்ளே உட்கார்ந்து, திரும்பிப் போகும் பஸ் காசை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், லாக்கருக்கு வாடகை எவ்வளவு?"

"அது... செயினோட நீளத்தைப் பொறுத்தது."

மாணவி எழுதிக்கொண்டாள்.

"தவணையில சாமான் வாங்கலாமா டீச்சர்?" என்றான் ஒரு பையன்.

"கூடவே கூடாது. அது நம்மளை..."

"என் மக எனக்குப் பிரிட்ஜே தவணையிலதான் வாங்கிக் குடுத்தா!" என்று அம்மா பெருமை தாங்காமல் எழுந்து சொன்னாள். "ஒரு மாசம் தவறினதில்ல! நம்ம லயத்துல வேற யாருகிட்ட இருக்கு, சொல்லு!"

லாரியில் வந்த முப்பது பேரும் கைதட்டினார்கள். அப்போதுதான் கேதரின் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. கூலிம் அடகுக் கடைக் கம்பிக்குப் பின்னால் இருந்த அதே மனிதர். கம்பி இல்லாமல் பார்க்க இன்னும் பெரிதாகத் தெரிந்தார். அவர் கையைத் தூக்கியிருந்தார்.

"என் பேரு ஏசுதாசன், டீச்சர். கூலிம்ல அடகுக் கடையில கணக்குப்பிள்ளை. இதோ, என் மக காலேஜுல படிக்குது. நான் அடகுக் கடையில வேலை செய்யறதைச் சினேகிதிங்ககிட்டச் சொல்ல வெக்கப்படுது. அவசரத்துக்கு ஒரு நகையை வெக்கிறது தப்பா? படிச்சவங்க, நீங்க சொல்லுங்க."

ஏசுதாசன் சாந்தமாகப் பார்த்தார். அந்தச் சாந்தம்தான் கேதரினைப் பயமுறுத்தியது. தப்பில்லை என்றால் அம்மாவுக்குச் சந்தேகம் வரும். தப்பு என்றால் இந்த மனிதர் எழுந்து சீட்டின் நம்பரையே சொல்லிவிடலாம். இரண்டு பயத்தையும் எடை போட்டாள். அம்மாவைப் பற்றிய பயம்தான் கனமாக இருந்தது.

"தப்புதான்," என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பயந்த நாக்கு நிற்பதில்லை. "எங்கம்மாவைப் பாருங்க. அப்பா இல்லாம, பால் வெட்டி என்னைப் பட்டதாரி ஆக்கினாங்க. தவணைக்குத் தவணை யூனிவர்சிட்டிக்குப் பணம் வந்துரும். எப்படிம்மான்னு கேட்டா, கூட்டுச் சீட்டு எடுத்தேன்னுவாங்க. ஆனா இருபத்து நாலு வருஷம் அந்தச் செயின் ஒரு நாள்கூட அவங்க கழுத்தைவிட்டு இறங்கல! அதுதான் கட்டுப்பாடு!"

கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. ஃபாதர்கூட எழுந்து தட்டினார். ஏசுதாசனுக்கு மட்டும் திடீரென்று இருமல் பிடித்துக்கொண்டது. அம்மா தலையைக் குனிந்து, கைப்பைக்குள் எதையோ வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று கேதரின் நினைத்தாள். நினைத்ததும் மனசு சுருங்கிப்போனது. இப்படிப்பட்டவளின் சங்கிலியை, சேலை வைக்கும் ஒரு பிரிட்ஜுக்காக...

கூட்டம் முடிந்ததும் பிரேமாவதி ஓடி வந்தாள். "கழட்டு, கழட்டு! மணி நாலே முக்கால்! எனக்கு இன்னைக்குக் கல்யாணம் நிச்சயமாகணும்லா!"

சங்கிலி போனது. வெறுங்கழுத்தோடு கேதரின் லாரிக்குப் பக்கத்தில் அம்மா முன்னால் நின்றாள். சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வாய் திறந்தது.

"அம்மா, அந்தச் செயின்..."

அதற்குள் ஏசுதாசன் இவர்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். கேதரின் வாயை மூடிக்கொண்டாள்.

"என்னக்கா, சவுக்கியமா?" என்றார் அம்மாவிடம்.

"யாரோ தெரியலையே," என்று அம்மா அவசரமாக லாரிப் படியில் கால் வைத்தாள். ஏறியவள் மகளைக் குனிந்து பார்த்தாள், வெறுங்கழுத்தைப் பார்த்தாள், பிறகு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"லாக்கர்லயே இருக்கட்டும் பாப்பா. அவசரப்பட்டு எடுக்காத. மெதுவா எடுத்துக்கலாம்."

லாரி புகையைக் கக்கிக்கொண்டு புறப்பட்டது. தப்பித்தோம் என்று கேதரின் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் ஏசுதாசன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். லாரி திருப்பத்தில் மறைந்த பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அடுத்த தடவை உங்கம்மா பேருலயே வைங்க டீச்சர், நீங்க படிச்ச மூணு வருஷத்துல ஒம்பது தடவை எங்க கடைக்கு வந்த செயின் அது, பழைய வாடிக்கைக்குப் பத்து வெள்ளி கூடப் போட்டுக் குடுப்போம்."