தனுஷ்கோடியில் தேங்காய் மாமா

கடலை நேரில் பார்த்த பிறகும், "தண்ணி இருக்குதான்னு பாத்துருவோமுங்க" என்று சொன்னவர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் மல்லசமுத்திரம் தேங்காய் மாமா.

எங்கள் பக்கம் தண்ணீருக்கு ஆழ்துளைப் போர் போடுவதற்கு முன், உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடப்பார். தேங்காய் எழுந்து நின்றால் அங்கே தண்ணீர். எங்கள் வீட்டுப் போருக்கும் அவர்தான் இடம் சொன்னார். அந்த நன்றிக்கு, போன கோடை விடுமுறையில் தனுஷ்கோடி கிளம்பியபோது அவரையும் காரில் ஏற்றிக்கொண்டேன். துண்டு, சோப்பு எதுவும் இல்லை; தேங்காயோடு வந்து ஏறினார்.

அங்கே எல்லோரும் அலையில் குதித்தார்கள், சங்கு வாங்கினார்கள், இடிந்த தேவாலயத்தின் முன் நின்று படம் எடுத்தார்கள். மாமா மட்டும் வேட்டியை மடித்துக் கட்டி, தேங்காயும் கையுமாக மணலில் நடந்தார். பின்னால் ஒரு கூட்டமே சிரித்துக்கொண்டு போனது.

"ஏனுங்க பெரியவரே, இத்தனை தண்ணி பத்தாதுங்களா?"

"இது உப்புங்க சாமி. என்ற தேங்கா நல்ல தண்ணிக்குத்தான் எந்திரிக்கும்."

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர், எங்கள் பக்கத்து நகரத்தில் பணக்காரர்கள் வாழும் ஃபேர்லேண்ட்ஸ்காரராம், என் பேச்சிலேயே ஊரைக் கண்டுபிடித்துவிட்டார். "அவரும் உங்ககூட வந்தவரா சார்?"

குழந்தைகளே, பொய் சொல்லாதீர்கள் என்று வகுப்பில் உங்களுக்குச் சொல்கிற நான் சொன்னேன்: "யாருன்னே தெரியாதுங்க."

திரும்பினால், மூன்றடி தள்ளி மாமா நிற்கிறார்.

சற்று நேரத்தில் என் மகளை ஓர் அலை உருட்டிவிட்டது. வாய் நிறைய உப்புநீர். இருமல், அழுகை. பாட்டிலில் சொட்டுத் தண்ணீர் இல்லை, கடைகளோ வெகுதூரம். மாமா காலி பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு மணல்மேட்டுக்கு ஓடினார். உட்கார்ந்து இரண்டு கையாலும் தோண்டினார். தோள் வரை கை உள்ளே போனதும் நீர் ஊறியது. மகள் குடித்தாள். உப்பே இல்லாத தண்ணீர்! தேங்காய் சொன்னதா, அவர் அனுபவம் சொன்னதா, எனக்குத் தெரியாது.

நான் வாய் திறப்பதற்குள், எல்லோர் காதிலும் விழும்படி மாமா கேட்டார்: "கொழந்தை உங்களுதுங்களா? நீங்க எந்த ஊருங்க?"

என் பொய்யைக் காப்பாற்றுகிறாராம்!

மகள் விடவில்லை. "மாமா, எங்களையே மறந்துட்டீங்களா? காலைல நம்ம கார்லதானே வந்தீங்க!"

கூட்டம் என்னைப் பார்த்தது. கறுப்புக் கண்ணாடி கழன்றது. கடலுக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது.

"எங்க மாமாதானுங்க" என்றேன்.

"அட, உடுங்க சாமி. இதைக் கொஞ்சம் புடிங்க, கை வலிக்குது" என்று தேங்காயை நீட்டினார்.

கார் வரைக்கும், அத்தனை பேரும் பார்க்க, அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.