காயில் அண்ணன் விட்டுவைத்த நிழல்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குள் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்திய ஒரே மனிதர் காயில் அண்ணன்தான். அவருக்கு முன்னால் யாரும் செய்ததில்லை, இனிமேலும் யாரும் செய்யப்போவதில்லை. சேலம் பஸ் நிற்கிற இடத்தில் மூன்றடுக்குக் கப்பல் ஒன்று, வெள்ளரிப்பிஞ்சு விற்கும் அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் நங்கூரத்தைப் போட்டுவிட்டுச் சாவகாசமாக நிற்கும். அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றிய வாரத்தில், நேரக் காப்பாளரிடம் ஒருவர் போய், “சார், அந்தக் கப்பலு சின்னசேலத்துல நின்னு போவுங்களா?” என்று கேட்டாராம். கேலியாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்பதில் ஊரில் இன்றும் இரண்டு கட்சி உண்டு.

அண்ணனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். அவர் கடை மாடியில் நான் குடியிருந்த மூன்று வருஷத்தில் அது என் காதில் விழவில்லை. எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குப் புதிதாகச் செப்புக் கம்பி சுற்றித் தருவது, அதாவது காயில் கட்டுவது, அவர் தொழில். அதனால் காயில் அண்ணன். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் என்னைப் போன்ற குமாஸ்தாக்களை ஊர் ஊராகப் பொறுக்கிக்கொண்டுவந்து இங்கே கொட்டினார்கள். திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்து விழுந்தவன் நான். வாடகைக்கு அறை கேட்டுப் போனபோது அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் காலடியைத்தான் பார்த்தார்.

“சார், கொஞ்சம் அப்டியே நில்லுங்க. அசையாதீங்க.”

பாம்புதான் என்று நினைத்து மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அவர் குனிந்து, தரையில் கிடந்த என் நிழலைச் சாண் வைத்து அளந்தார். “ஒல்லியான ஆளுக்கு நெழலு எவ்ளோ அம்சமா விழுது பாருங்க. ரூமு உங்களுக்குத்தான்” என்றார். முன்பணம், ஜாமீன், எதுவும் கேட்கவில்லை.

கட்டிய காயிலை வார்னிஷில் முக்கிக் காயவைக்க அரை நாள் பிடிக்கும். மற்ற கடைக்காரர்கள் அந்த நேரத்தில் டீ குடிப்பார்கள், அரசியல் பேசுவார்கள். அண்ணன் மூலையிலிருந்த பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒரு படத்திலிருந்து ஆளை வெட்டி இன்னொரு படத்தில் ஒட்டுவார். பிழைப்புக்காக அல்ல, வெறும் ஆசைக்காக. ஆளை வெட்டுவதும் மலையை வெட்டுவதும் அவருக்கு அரை மணி நேர வேலை. நிழலுக்குத்தான் மூன்று நாள். ஆளை ஒரு கண்ணாடித் தாளிலும் நிழலை இன்னொரு கண்ணாடித் தாளிலும் வைத்து ஒன்றின்மேல் ஒன்று அடுக்குவது மாதிரிதான் அந்த வேலை என்று எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்.

“ஆள யாரு வேணா ஒட்டலாம் சார். நெழலு தப்பான பக்கம் விழுந்துச்சின்னு வையுங்க, அந்தப் படமே பொய்யாப் பூடும்.”

படமே பொய்தானே என்று நான் கேட்டதில்லை. வாடகைக்கு இருப்பவன் கேட்கக்கூடிய கேள்வியா அது?

ஒரு முறை கல்வராயன் மலை அருவி ஒன்றை அப்படியே பெயர்த்து, கடைவீதி ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியிலிருந்து விழவைத்தார். மறுநாள் துண்டும் சீயக்காயுமாக இரண்டு பேர் கடை வாசலில் நின்றார்கள் என்று அண்ணன் சத்தியம் செய்வார். மலைப் பலாப்பழம் ஒன்றுக்குச் சக்கரம் மாட்டி, அதை ஷேர் ஆட்டோவாக்கி, எட்டுப் பேரை உள்ளே திணித்தார். அந்த எட்டுப் பேரில் நாலு பேர் நிஜ ஷேர் ஆட்டோ டிரைவர்கள். அவர்களுக்கு அதில் ஏகப் பெருமை.

இத்தனை படங்களிலும் ஒரு விஷயம் மட்டும் மாறாது. எங்காவது ஒரு மூலையில் ஒரு பம்புசெட் பைப் இருக்கும். அதிலிருந்து தண்ணீர் வெள்ளையாக, பருமனாக, முழு வாய் கொட்டும். கப்பலின் விலாவிலிருந்தும் கொட்டியது, பலாப்பழத்தின் பின்பக்கத்திலிருந்தும் கொட்டியது. காயில் கட்டிக்கொண்டு போகும் ஒவ்வொரு விவசாயியிடமும் அவர் ஒரே ஒரு நிபந்தனை வைப்பார். மோட்டாரை இறக்கி, தண்ணீர் வந்ததும், அதை ஃபோனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். இப்படிச் சேர்ந்த தண்ணீர்ப் படங்கள் அவர் கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கில் கிடந்தன. ஒவ்வொன்றும் எந்த ஊர், யார் கழனி என்று பார்த்த உடனே சொல்வார்.

அவர் வீட்டு அக்கா ஒரு நாள் என்னிடம் தங்கள் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

“எங்க கல்யாணம் நல்ல கோடையில சார். ஊரே காஞ்சி கெடந்துது. இப்ப ஆல்பத்தத் தெறந்து பாருங்க, தாலி கட்டற எடத்துல ரெண்டரை இஞ்ச் பைப்புல தண்ணி கொட்டிகினு இருக்குது. ஐயரு நனையறாரு!”

“நனையலடி. தெளிக்குது, அவ்ளோதான்” என்றார் அண்ணன், உள்ளேயிருந்து.

இப்படிப்பட்டவர் கையில் என் கல்யாணத்தைக் கொடுத்தேன் என்றால் என்னை என்ன சொல்வது?

எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. அம்மா என் படத்தைப் பல வீடுகளுக்கு அனுப்பி ஓய்ந்திருந்தாள். பதில் வராததற்குக் காரணம் என் முன்நெற்றி என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தச் சமயத்தில்தான் மலர்விழியின் படம் வந்தது. சின்னசேலம் பக்கத்துக் கிராமம். மருந்துக்கடையில் வேலை. அப்பா விவசாயி. படத்துக்கு வெளியே யாரோ எதையோ சொல்லி, அவள் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றிருந்தாள். அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஆபீஸ் கோப்பில் ஒரு வரி ஓடவில்லை. இந்த இடமும் தட்டிப்போனால் இனிமேல் பெண்ணே பார்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட முடிவு செய்தேன்.

என் படத்தை அண்ணனிடம் கொடுத்து, “அண்ணே, முன்நெத்தியில நாலு முடி. வேற எதையும் தொடக்கூடாது” என்றேன்.

“எந்த ஊருக்குப் போவுது சார் படம்? யாரு வூடு?”

சொன்னேன். அண்ணன் “ம்” என்றார். வார்னிஷ் டப்பாவையே கொஞ்ச நேரம் கலக்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், “அம்மா நம்பருக்கே அனுப்பிட்டேன் சார், ஏ ஒன்னா வந்திருக்குது” என்றார். அம்மா அதைக் கண்ணாடி போடாமல் பார்த்து, அப்படியே பெண் வீட்டுக்கு அனுப்பியும்விட்டாள்.

மறுநாள் அம்மாவிடமிருந்து ஃபோன்.

“டேய், பொண்ணோட அப்பா ஞாயித்துக்கிழமையே வர்றாராம்டா! சம்பளம் கேக்கல, ஜாதகம் கேக்கல. அந்தப் படம் எடுத்த எடத்த பத்தித்தான் பேசணுமாம். ஆமா, நீ எப்படா நெலம் வாங்கின?”

அப்புறம்தான் படத்தை நான் பார்த்தேன். ஆபீஸ் சட்டையோடு, பாக்கெட்டில் பேனாவோடு, ஒரு சிமெண்டுத் தொட்டியை ஒட்டி மிராசுதார் தோரணையில் நிற்கிறேன். பக்கத்தில் பைப்பிலிருந்து தண்ணீர் முழு வாய் கொட்டுகிறது. தொட்டிச் சுவரில் என் நிழல் கச்சிதமாகச் சாய்ந்திருக்கிறது. முன்நெற்றி மட்டும் ஆண்டவன் கொடுத்தபடியே பளபளத்தது.

மாடியிலிருந்து இரண்டு இரண்டு படியாக இறங்கினேன். “அண்ணே! உங்ககிட்ட நான் என்ன கேட்டேன்? நாலு முடி! நாலே நாலு முடி!”

“முடிக்கு வெளிச்சம் ஒத்து வர்ல சார். ஒட்டு முடின்னு காட்டிக் குடுத்துடும். தண்ணியப் பாருங்க, இன்னா பாந்தமா உக்காந்திருக்குது!”

“எனக்கு ஏது நிலம்? ஏது போர்வெல்? அவர் வந்து கேட்டா எதைக் காட்டுவேன்? மாடியில இருக்கிற பிளாஸ்டிக் டிரம்மையா?”

“வரட்டும் சார். நான் பேசிக்கிறேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு ஷேர் ஆட்டோவிலிருந்து ஒருவர் இறங்கினார். நெடுநெடுவென்று இருந்தார். தோளில் துண்டு, கையில் ஃபோன். நான் கும்பிட்டேன். அவர் என்னைத் தாண்டி, கடைக்குள் பார்த்தார்.

“யோவ் காயிலு! உன் வேலையா இது? அதான பாத்தேன்.”

பிறகு என் பக்கம் திரும்பி, ஃபோனை நீட்டி, படத்தை விரலால் பெரிதாக்கினார். தொட்டியின் மூலையில், சிமெண்டில் பதிந்த ஒரு குழந்தையின் கைத்தடம் தெரிந்தது.

“தம்பி, இது எம்பொண்ணு மலரு சின்னதுல வெச்ச கை. இது எங்க தொட்டி. எங்க கழனியில நீங்க இன்னா பண்ணிகினு இருக்கீங்க?”

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நிலம் இல்லை, போர் இல்லை, இந்த மாடி அறைகூட வாடகைதான், முடிகூட இவ்வளவுதான் என்றேன். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. ஃபோனில் கொட்டுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த போரு வத்திப்போயி வருஷம் அஞ்சாவுது தம்பி. பக்கத்துலயே இன்னும் ரெண்டு போட்டேன். மண்ணுதான் பறந்துச்சி. இந்தப் படத்த நான்தான் காயிலுக்கு அனுப்பினேன். அப்பால அந்த ஃபோனும் போச்சி, படமும் போச்சி.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எங்க தொட்டியில இப்டி தண்ணி விழுந்துதான்னு எனக்கே மறந்துபோச்சி.”

பேசிக்கொள்கிறேன் என்று சொன்ன அண்ணன் குனிந்து வார்னிஷ் டப்பாவைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது மலர்விழியின் அப்பா சொன்னார்: “காயிலு, இத பெருசாப் போட்டு ஃபிரேம் பண்ணிக் குடு. வூட்டுல மாட்டணும். தம்பிய மட்டும் எடுத்துடு.”

தம்பியை எடுத்துவிடு! என்னை ஒரு வீடு வேண்டாம் என்று சொல்வது புதிதல்ல. படத்திலிருந்தே வெட்டி எறியச் சொன்னது அதுதான் முதல் முறை. மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டேன். அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா இரண்டு முறை வந்து கதவைத் தட்டிப் பார்த்தார்.

ஒரு வாரம் கழித்து ஃபிரேம் போட்ட படம் பெண் வீட்டுக்குப் போனது. அண்ணனே பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அங்கே நடந்ததை மலர்விழி சொல்லித்தான் பிற்பாடு எனக்குத் தெரியும். படத்தில் தொட்டி இருந்தது, தண்ணீர் இருந்தது, நான் இல்லை. ஆனால் தொட்டிச் சுவரில் ஒல்லியாக ஒரு நிழல் மட்டும் சாய்ந்திருந்தது.

“இன்னாய்யா இது, ஆள எடுத்துட்டு நெழல வுட்டுட்ட?” என்றிருக்கிறார் அப்பா.

“ஆளத்தான எடுக்கச் சொன்னீங்க? நெழல எடுக்கச் சொல்லலியே. இருக்கட்டும்ங்க. என்னிக்காவது ஆளு வந்து நிப்பாரு.”

மலர்விழி உள்ளேயிருந்து வந்து படத்தைப் பார்த்திருக்கிறாள். அப்பா அவளுக்கு என் படத்தையே காட்டியிருக்கவில்லை. தண்ணீரைப் பார்த்த பரவசத்தில் மாப்பிள்ளை விஷயத்தையே மறந்துவிட்டாராம்.

“யாருப்பா இது, நம்ம தொட்டியில நின்னுகினு?”

“அது ஒரு தம்பி. நல்ல மாதிரிதான். நெலம் இல்ல, முடி இல்ல, ஒண்ணும் இல்லன்னு கேக்காமலே அதுவே ஒப்பிச்சிச்சி.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவர வரச் சொல்லுப்பா, பாக்கலாம்” என்றாள்.

எங்கள் கல்யாணம் சின்னசேலத்தில் நடந்தது. மறுநாள் காலை அண்ணன் எங்கள் இருவரையும் அந்தக் காய்ந்த தொட்டிக்குப் பக்கத்தில் வெயிலில் நிறுத்திவைத்து, என் நிழல் ஃபிரேமில் இருந்த அதே இடத்தில் விழும் வரை காத்திருந்து படம் எடுத்தார். அரை மணி நேரம் வெந்தோம். அப்போதுதான் அவரைக் கேட்டேன், இத்தனை தண்ணீர்ப் படங்கள் கிடக்க ஏன் இந்தத் தொட்டியை எடுத்தீர்கள் என்று.

“அவரு மோட்டாருக்கு மூணு தடவ காயிலு கட்டியிருக்கேன் சார். கடேசியா கட்னப்ப படம் வர்ல. கேட்டேன், ‘தண்ணி வர்ல காயிலு, உன் மேல தப்பில்ல’ன்னாரு. மனசு கேக்கல. நீங்க அந்த வூட்டுப் பேரச் சொன்னதும், மாப்ளய பாக்கறப்ப அவரு தண்ணியவும் பாத்துக்கட்டுமேன்னுதான்…” என்றவர், சட்டென்று குரலை உயர்த்தினார். “சார், அசையாதீங்க!”

இப்போது நான் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டேன். எங்கள் கல்யாணப் படங்களை ஒரு நாள் புரட்டியபோது மலர்தான் கவனித்தாள். ஒன்றில்கூட அண்ணன் இல்லை. ஊரையே ஒட்டினவர் தன்னை எங்கும் ஒட்டிக்கொள்ளவில்லை. அந்த ஒட்டு வேலையை ஃபோனில் நானே தட்டுத்தடுமாறிக் கற்று, அவரை வேறொரு படத்திலிருந்து வெட்டி, தொட்டிப் படத்தில் எங்கள் இருவருக்கும் நடுவில் நிறுத்தினேன். ஒரு காது வெட்டுப்பட்டுப் போனது. நிழலையும் என்னால் முடிந்தவரை வரைந்தேன். அனுப்பிவிட்டுத் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன்.

பத்து நிமிஷத்தில் அழைத்தார்.

“சார், உங்க ரெண்டு பேரு நெழலும் ஒரு பக்கம் விழுது. என் நெழலு மட்டும் எதிர்ப் பக்கம் விழுது.”

“தெரியும்ணே. எனக்கு வரல. நீங்களே சரி பண்ணிடுங்க.”

பின்னால் கடைச் சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

“இருக்கட்டும் சார்” என்றார்.

போன மாதம் கடைக்குப் போயிருந்தேன். அந்தப் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறார், நிழலில் கை வைக்காமல்.