ஒரே பகலில் காய்த்த மரம்

திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றிருந்த முப்பது பேர் காதிலும் விழும்படி நான் ஒரு சபதம் செய்தேன்.

“லொரேத்து மாதா திருவிழாவுக்குள்ள என் மமோன் மரம் காய்க்கலேன்னா, கோடாலிய நானே இதலீனா கையில குடுக்கறேன். அவ வெட்டட்டும். அவ என்ன தண்டனை சொன்னாலும் ஏத்துக்கறேன்!”

இதலீனா என் மனைவி. பன்னிரண்டு வருடமாக அந்த மரத்துக்கு எதிர்க்கட்சி.

“எல்லாரும் கேட்டீங்கல்ல?” என்றாள். “பாதர், நீங்களும்?”

பாதரும் கேட்டாராம்.

எனக்குப் பயமில்லை. நான் பிறந்தது இந்த மதெய்ரா தீவில், வளர்ந்தது கராகஸில். இரண்டு மொழியில் படித்தவன். சண்டையில் போர்த்துகீசியம் கைவிட்டால் ஸ்பானிஷுக்குத் தாவிவிடுவேன். இதலீனா தையலிலிருந்து கண்ணை எடுக்காமல், “முடிஞ்சதும் கூப்பிடு” என்பாள். அதை நான் வெற்றியாகவே எடுத்துக்கொள்வது வழக்கம்.

முப்பத்தாறு வயதில் ஊர் திரும்பினேன். வெனிசுவேலாவிலிருந்து திரும்பியவர்கள் எல்லோரும் ஏதாவது கொண்டுவந்தார்கள். ஒருவன் பணம், ஒருவன் கார், ஒருவன் கெட்டவார்த்தை பேசும் கிளி. நான் காலுறைக்குள் இரண்டு மமோன் விதை கொண்டுவந்தேன். சின்ன எலுமிச்சை அளவுதான் பழம். பச்சை ஓட்டைப் பல்லால் கடித்தால் படக்கென்று உடையும். உள்ளே வழுக்கிக்கொண்டு ஒரு சதை, பாதி புளிப்பு, பாதி இனிப்பு. அதைச் சப்பிக்கொண்டேதான் என் பிள்ளைப்பருவம் முழுக்க நடந்து போனது. இந்தத் தீவில் சீத்தாவும் பாஷன் பழமும் வேலியோரம் கேட்பாரற்று உதிரும். மமோன் மட்டும் யாரிடமும் கிடையாது. என்னைத் தவிர.

இரண்டு விதையும் முளைத்தன. ஒன்று பிஷப் மாதிரி நிமிர்ந்து நின்றது. இன்னொன்று சவலை.

“இதைத் தூக்கி எறி” என்றேன்.

“சரி” என்றாள் இதலீனா. எறிந்தும்விட்டாள். என் சொல்லை அவள் முதல் தடவையிலேயே கேட்ட ஒரே நாள் அது. இன்றும் பெருமையாக நினைத்துக்கொள்வேன்.

எங்கள் நிலமெல்லாம் மலைச்சரிவில் வெட்டிய படிக்கட்டு. அதில் சமதளம் என்று இருப்பது ஒரு படுக்கைவிரிப்பு அகலம்தான். அங்கே என் மரமும் இருக்கிறது, இதலீனாவின் துணிக்கொடியும் இருக்கிறது. ஏழாம் வருடம் மரம் பூத்தது. அடடா, என்ன பூ! ஆயிரம் ஆயிரமாய்ப் பூ, பத்தாயிரமாய்த் தேனீ. காய் மட்டும் இல்லை. அடுத்த வருடம் என்றேன். அதற்கும் அடுத்த வருடம் என்றேன்.

“ஏ மனுஷா, மழை வருது. கொடியில கிடக்கற துணிய எடுத்துட்டு வா.”

“தேனீ இருக்கே!”

“இருக்கறதாலதான் உன்னை அனுப்பறேன்.”

சுவருக்கு அந்தப் பக்கம் கொரெத்தி வீடு. அவளோடு எனக்கு ஆறு வருடமாகப் பேச்சில்லை. மரத்தின் நன்மைக்காக, வாய்க்காலில் என் முறைத் தண்ணீரைக் கால்மணி நேரம் கூடுதலாகத் திருப்பி வைத்திருந்தேன். அடுத்த முறை அவளுடையது. மண்வெட்டியோடு வந்து நின்று, திட்டியே என் வம்சத்தை மடைமாற்றிவிட்டாள். அன்றிலிருந்து அந்தப் பக்கம் நான் தலையைத் திருப்புவதில்லை. திருப்பினாலும் அவளுடைய வாழைகள்தான் தெரியும். இதலீனா மட்டும் தினமும் போய்வருவாள். துரோகம்தான். ஆனால் வீட்டில் உப்பு தீர்ந்துபோனால் யாராவது போய்த்தானே ஆகவேண்டும்?

திருவிழாவுக்கு நான்கு நாள். மரத்தில் ஒரு காய்கூட இல்லை. வேறொருவன் என்றால் கலங்கியிருப்பான். நான் காய்கறி வண்டி அவெலீனோவைப் பிடித்தேன். தினமும் தலைநகர்ச் சந்தைக்குப் போய்வருகிறவன்.

“அவெலீனோ, எங்கேயாவது மமோன் கிடைக்குமா?”

“கிடைக்குமே. சந்தைக்கு ஒரு பொம்பளை கொண்டு வருவா. உள்ளூர்ச் சரக்கு.”

சந்தைக்காரர்கள் வாய் கூசாமல் பொய் சொல்வார்கள். உள்ளூரில் என்னைத் தவிர யாரிடம் மமோன்?

“ரெண்டு கிலோ வேணும். கொத்தோட, இலையோட.”

“திங்கறதுக்கா?”

“கட்டறதுக்கு.”

“எதுல?”

“மரத்துல.”

அவெலீனோ விரல்விட்டுக் கணக்குப் போட்டான். “மரத்துலேர்ந்து பறிச்சத மறுபடியும் மரத்துலயே...”

“உனக்கு எதுக்கு அது? இதலீனா காதுக்குப் போகக் கூடாது.”

“நானா சொல்வேன்? கல்லறை மாதிரி இருப்பேன்.”

எங்கள் ஊரில் எல்லோரும் கல்லறைக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவார்கள் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

சரக்கு வந்தது. என்ன கொத்து! காய் ஒன்றுபோல் ஒன்று. காம்போ ஒரு சாண் நீளம். பறித்தவள் கைராசிக்காரி என்று மனதுக்குள் வாழ்த்தினேன். இதலீனா நவநாள் செபத்துக்குக் கிளம்பினாள். அவள் தையல் பெட்டியிலிருந்து பச்சை நூலை எடுத்தேன். ஏணியில் ஏறினேன். மீனவர்கள் போடும் முடிச்சாகப் போட்டு நாற்பத்திரண்டு காயைக் கட்டினேன். புருவத்தில் ஒரு தேனீ கொட்டியது. கலைக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

திருவிழாக் காலை. துணிக்கூடையோடு வெளியே போனவள் அப்படியே நின்றாள்.

“நேலியோ... காய்ச்சிருக்கு!”

“காய்க்கும்னு சொன்னேன்ல.”

“நேத்துக்கூட இல்லையே!”

“நேத்து நல்ல வெயில்.”

“உன் புருவம் ஏன் இப்படி வீங்கியிருக்கு?”

“சந்தோஷத்துல.”

வீங்காத பக்கத்துக் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். “இத நாம மட்டும் பாத்தா பாவம்” என்றாள். நானும் ஆமாம் என்றேன். எவ்வளவு பெரிய மனது எனக்கு!

பவனி முடிந்ததும் பாதர் வந்தார். கோவில் வாசல் சாட்சிகள் முப்பது பேரும் வந்தார்கள். பேண்டு வாத்தியக்காரர்கள் வாத்தியத்தோடு வந்தார்கள். கடைசியில், முந்தானை மாதிரி மேலங்கியை மடித்துப் பிடித்துக்கொண்டு கொரெத்தி வந்தாள். மரத்தைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள்.

“அண்டைவீட்டுக்காரரே, ஆறு வருஷம் கழிச்சுப் பேசறேன். சுகப்பிரசவம்தானே?”

“என்ன உளறறே?”

“உங்க மரம் ஆம்பளை. பூக்கும், தேனீக்கு விருந்து வைக்கும், அதோட சரி. பப்பாளியில ஆணும் பொண்ணும் பாத்ததில்லையா? காய்க்கறது என் வீட்டு மரம்.” மடியை அவிழ்த்துக் காட்டினாள். நிறைய மமோன்.

“உன் வீட்டுல ஏது மமோன்?”

இதலீனா சாந்தமாகச் சொன்னாள். “சவலைக் கன்னைத் தூக்கி எறின்னே. எறிஞ்சேன். எந்தப் பக்கம்னு நீ சொல்லல.”

இதற்குள் பாதர் ஆசையாய் ஒரு காயை இழுத்திருந்தார். காயோடு இரண்டு முழம் பச்சை நூல் வந்தது.

“இது என்னப்பா, நேலியோ?”

“நார்ச்சத்து, பாதர்.”

டிரம்போன்காரன் வாத்தியத்தில் வாயை வைத்தபடியே சிரித்துவிட்டான். அந்தச் சத்தம் மலை முழுக்கக் கேட்டது.

எல்லோரும் போனபிறகு நான் உள்ளே போய்க் கோடாலியை எடுத்து வந்தேன். வாக்குத் தவறாதவன் நான்.

“இந்தா. வெட்டு.”

“பைத்தியமா உனக்கு? இத வெட்டினா அங்க எப்படிக் காய்க்கும்? அஞ்சு வருஷமா காயில பாதி எனக்கு. நீ ஊர்ல சபதம் போடப் போறப்பல்லாம், நானும் கொரெத்தியும் சுவத்து மேல உக்காந்து தின்னுட்டுக் கொட்டையக் கீழ எறிவோம்.”

“அப்ப இத்தனை வருஷமா வெட்டுவேன் வெட்டுவேன்னது?”

“பயமுறுத்தினாத்தான நீ ஒழுங்கா எரு போடறே.”

“அப்ப சபதம்?”

“தோத்தது தோத்ததுதான். தண்டனைய ஏத்துக்கறேன்னு சொன்னியே, கோடாலிய உள்ள வச்சிட்டு இந்தக் கூடைய எடு. இனிமே இந்த வீட்டுத் துணிய நீதான் காயப்போடறே.”

தேனீக்கள் சூழ, முதல் படுக்கைவிரிப்பை விரித்தேன். தோல்விதான். ஆனால் முழுத் தோல்வி இல்லை. என்னிடம் இன்னும் ஒரு ரகசியம் பாக்கி இருந்தது.

“எல்லாத்தையும் கண்டுபிடிச்சிட்டே. அவ்வளவு அழகான கொத்து எனக்கு எங்கேர்ந்து கிடைச்சுதுன்னு மட்டும் உனக்குத் தெரியாது.”

இதலீனா ஒரு கிளிப்பை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“நான் ஏறிப் பறிச்சதுதான் மனுஷா. நீ முடிச்சுப் போட வசதியா இருக்கட்டுமேன்னு காம்ப நீளமா விட்டேன்.”